நான்கு திருகாணிகளில் நிற்கும் நாதம்

வெளியூரில் ஆர்டர் கொடுத்து வரவழைக்கும் உறுப்புகளைக் கொண்டு வீட்டிலேயே மின்சார கிதார் பூட்டும் விதம்

வைட்ஃபீல்ட் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கண்ணாடி மாளிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும்தான். 2023-ல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இந்த ஊரின் பிறப்பு வேறு விதமானது. 1882-ம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். சங்கத்தை முன்னின்று நடத்திய டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயரால் ஊர் அமைந்தது. ஆங்கிலோ-இந்தியர் வீடு என்றால் சுவரில் ஒரு கிதார் தொங்கும் என்பது கோலார் தங்கவயலிலும் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியிலும் வாழ்ந்த தமிழர்களுக்குத் தெரியாததல்ல. கிறிஸ்துமஸ் வந்தால் தெரு முழுக்க அந்த ஓசை கேட்கும்.

இன்று வைட்ஃபீல்டில் கிதார் மீது ஆசை கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். கடையில் தொங்கும் கிதாரை விலை பேசி வாங்கி வருவது அவர்களுக்கு ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. உடல் ஓர் இடத்தில், கழுத்து ஓர் இடத்தில், பிக்-அப் வேறோர் இடத்தில் என்று தன் கைக்கும் காதுக்கும் ஏற்றபடி ஆர்டர் கொடுத்து வரவழைத்து, வீட்டிலேயே பூட்டிக்கொள்வது.

இது பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. பாதி ஃபிட்டர் வேலை, கால் பங்கு தச்சு வேலை, கால் பங்கு வயர்மேன் வேலை, அவ்வளவுதான். தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையிலும் எச்.ஏ.எல். நிறுவனத்திலும் தலைமுறை தலைமுறையாக அரமும் சால்டரிங் அயர்னும் பிடித்த கைகளுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. ஆனால் ஓர் எச்சரிக்கை. வேலை எளிது, அளவு தவறினால் பணம் போய்விடும். ஆர்டரின் பேரில் செய்த உறுப்பை எந்த நிறுவனமும் சுலபத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

கணக்கர் கண்ட வழி

பழைய முறைக் கிதாரில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். கழுத்து வளைந்தால் நல்ல கைவினைஞரிடம் போய் ஆவி காட்டிப் பிரித்துத்தான் சரி செய்ய வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். 1909-ல் பிறந்த இவர் சங்கீத வித்வான் அல்ல. கிதார் வாசிக்கவே தெரியாது. படித்தது கணக்கு; பார்த்தது கணக்கெழுதும் உத்தியோகம். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலை போயிற்று. 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தார்.

ரேடியோ மெக்கானிக்கின் புத்தி எப்படிப் போகும்? கெட்டுப்போன பாகத்தைக் கழற்று, நல்ல பாகத்தை மாட்டு. அதே புத்தியைத்தான் அவர் கிதாரிலும் காட்டினார். 1950-ல் அவர் கடையிலிருந்து வெளிவந்த கிதாரின் உடல் கனமான பலகை. உள்ளே பொள்ளல் இல்லை. கழுத்து தனித் துண்டு. உடலில் ஒரு குழி வெட்டி, அதில் கழுத்தின் அடியைப் பொருத்தி, பின்பக்கத்திலிருந்து நான்கு திருகாணிகள். முடிந்தது வேலை. இந்தக் கிதாருக்கு 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. உலகில் இன்று புழங்கும் மின்சார கிதார்களில் பெரும் பகுதி இந்த இரண்டின் வாரிசுகளே.

திருகாணியால் பூட்டியதைத் திருகாணியால் கழற்றலாம் அல்லவா? 1970-களில் அமெரிக்காவில் இதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்கள். ஷெக்டர் என்ற நிறுவனம் 1976-ல் பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கி, மாற்று உறுப்புகள் செய்து விற்றது. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வார்மாத் நிறுவனம், ஃபெண்டரின் உரிமம் பெற்றே கழுத்தும் உடலும் ஆர்டரின் பேரில் செய்து தருகிறது. எட்டி வான் ஹேலன் என்ற ராக் இசைக்கலைஞர் 1970-களின் நடுவில் செகண்ட்ஸ் சரக்காக ஒதுக்கப்பட்ட ஓர் உடலை 50 டாலருக்கும், ஒரு கழுத்தை 80 டாலருக்கும் வாங்கி, பழைய கிப்சன் கிதாரிலிருந்து பிக்-அப்பைப் பிடுங்கி அதில் வைத்தார். சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்டை அடித்தார். அந்த ஒட்டுப்போட்ட கிதாரின் ஓசைக்காகத்தான் பின்னாளில் பெரிய பெரிய கம்பெனிகள் அவர் வாசலில் நின்றன.

கைக்குத் தகுந்த கருவி

கடையில் கிடைப்பது போதாதா, எதற்கு இந்தத் தொல்லை என்று கேட்கலாம். இடது கைக்காரரைக் கேட்டால் தெரியும். கடைக்குக் கடை அலைந்தாலும் அவருக்கு ஏற்ற கிதார் ஒன்றிரண்டுக்கு மேல் கண்ணில் படாது. விரல் குட்டையானவர்களுக்குக் கழுத்து அகலம் இடிக்கும். கர்நாடக சங்கீதம் வாசிக்க நினைப்பவர்களுக்கோ பிரச்சினையே வேறு.

நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். வீணையில் மெட்டுகள் உயரமாக நிற்கின்றன, நடுவில் பள்ளம். தந்தியை இழுத்து அசைக்க இடம் இருக்கிறது. கிதாரிலோ மெட்டுக்கு அடியிலேயே பலகை தட்டுப்படும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மெக்லாக்ளின் இந்தக் குறையை உணர்ந்தவர். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோருடன் 1970-களில் அவர் நடத்திய 'சக்தி' குழுவுக்காக, கிப்சன் நிறுவனம் தனியாக ஒரு கிதார் செய்து கொடுத்தது. வீணையைப் போல் மெட்டுக்கு மெட்டு பள்ளம் தோண்டிய விரல் பலகை. சுருதிக்கென்று குறுக்காக ஏழு தந்திகள். ஆர்டர் கொடுத்தால்தான் இப்படிப்பட்ட கருவி கிடைக்கும். எந்தக் கடை ஜன்னலிலும் தொங்காது.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் கதை இன்னும் நெருக்கமானது. 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்த இவர், சிறுவனாகச் சென்னை மேடையேறியபோது கையில் இருந்தது மின்சார மாண்டலின். சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள். மீட்டியதும் 'டிங்' என்று ஒலித்து அடங்கிவிடும். ஸ்ரீனிவாஸ் ஜோடித் தந்திகளை விலக்கி ஒற்றைத் தந்தியாக்கினார். பின்னர் ஐந்து தந்திக் கருவிக்கு மாறினார். பிக்-அப் இருந்ததால் ஓசை நீடித்தது. நீடித்ததால் கமகம் பேசிற்று. 2014-ல் அவர் மறையும் வரை உலகம் முழுதும் ஒலித்தது அந்தச் சின்னஞ்சிறு மரத்துண்டுதான். மேல்நாட்டுக் கருவியை நம் சங்கீதத்துக்கு ஏற்பத் திருத்துவது பாவம் என்று அந்த நாளில் முகம் சுளித்தவர்களும் உண்டு. வயலின் வந்தபோதும் இதே பேச்சு இருந்திருக்கும்.

ஆர்டர் தாளில் இருக்கிறது விஷயம்

வைட்ஃபீல்டில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா இந்த வேலையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் வாங்க வேண்டியது மரமும் அல்ல, தந்தியும் அல்ல. ஒரு வெர்னியர்.

கிதாரின் உச்சியில் தந்தி தாங்கும் எலும்புத் துண்டுக்கு 'நட்' என்று பெயர். அங்கிருந்து கீழே குதிரை வரை உள்ள நீளம்தான் தந்தியின் பேசும் நீளம். ஃபெண்டர் முறையில் அது இருபத்தைந்தரை அங்குலம், அதாவது 647.7 மில்லிமீட்டர். கிப்சன் முறையில் முக்கால் அங்குலம் குறைவு. மெட்டுகள் எல்லாம் இந்த நீளத்துக்குக் கட்டுப்பட்டவை. நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வரும்: 36.35 மில்லிமீட்டர். மிச்ச நீளத்தை மறுபடியும் 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது மெட்டு, முதல் மெட்டிலிருந்து 34.31 மில்லிமீட்டரில். இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் வந்து நிற்கும். அங்கே மேல் ஸ்தாயி.

தஞ்சாவூர் வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளையும் மெழுகுக் கலவையில் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். நகர்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம். கிதாரில் அது நடக்காது. பலகையில் ரம்பத்தால் கீறி, மெட்டைச் சுத்தியலால் இறக்கிவிட்டால் தீர்ந்தது. ஆகவே கிப்சன் அளவுக் கழுத்தை ஃபெண்டர் அளவுக்குக் குதிரை பதித்த உடலில் பூட்டினால், பார்வைக்குக் கிதார்; கேட்டால் அபஸ்வரம். இதற்கு எந்த வைத்தியமும் கிடையாது.

அடுத்தது கழுத்தின் அடி. ஃபெண்டர் முறையில் அதன் அகலம் இரண்டே மூன்று பதினாறு அங்குலம், மில்லிமீட்டரில் 55.6. உடலில் உள்ள குழியின் ஆழம் ஐந்து எட்டு அங்குலம், ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். ஒரே நிறுவனத்தில் இரண்டையும் வாங்கினால் கவலை இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று உடலை ஓர் இடத்திலும் கழுத்தை வேறோர் இடத்திலும் வாங்குகிறவர், இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 'பொருந்தும் சார்' என்ற வாய்ப்பேச்சை நம்பினால் நஷ்டம்தான்.

ஆர்டர் தாளில் மற்ற கேள்விகளும் நிறைய. வலது கையா, இடது கையா? மெட்டுகள் 21 போதுமா, 22 வேண்டுமா? நட் அருகே அகலம் 41 மில்லிமீட்டரா, 43-ஆ? மெட்டுக் கம்பி தடிப்பா, மெலிதா? விரல் பலகை எவ்வளவு குவிய வேண்டும்? எத்தனை பிக்-அப்புக்குக் குழி? குதிரை எந்த வகை? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு டிக். ஒரு டிக் இடம் மாறினால் பல மாதச் சேமிப்பு வீண். ரயிலில் ரிசர்வேஷன் பாரத்தைத் தவறாக நிரப்பினால் கான்ஸல் செய்து பாதிப் பணமாவது வாங்கலாம். இங்கே அதுவும் இல்லை. அனுபவசாலிகள் தாளை நிரப்பி ஒரு வாரம் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் படித்த பிறகே அனுப்புகிறார்கள்.

மெட்டுக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நிக்கல்-சில்வர் என்பார்கள். அதில் வெள்ளி கடுகளவும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். நம் வீட்டு ஜெர்மன் சில்வர் டம்ளரின் ஜாதிதான்.

மலைச் சரக்கின் சுற்றுப்பயணம்

விரல் பலகைக்கு என்ன மரம் என்று தாளில் ஒரு கேள்வி வரும். அதில் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று ஒரு கட்டம் இருக்கும். வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள், கன்னடத்தில் பீட்டெ. குடகிலும் வயநாட்டிலும் கூடலூரிலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளர்வது. மைசூர் அரண்மனைக் கைவினைஞர்கள் தந்தம் பதித்து மேஜை செய்ததும் இதில்தான்.

கிதார்க்காரர்கள் முதலில் இந்த மரத்தை நாடவில்லை. பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான் விரும்பினார்கள். அங்கே மரம் அருகிப்போய், உருட்டு மர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும், 1969-ல் மார்ட்டின் என்ற புகழ்பெற்ற கிதார் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1992-ல் பிரேசில் மரத்தின் சர்வதேச வியாபாரமே ஏறக்குறைய நின்றுவிட்டது. அதன் பிறகு உலகத்துக் கிதார்களின் விரல் பலகையில் நம் மலை மரம் நிலைத்துவிட்டது.

ஆனால் நம் மரமும் அட்சய பாத்திரம் அல்ல. ஈட்டி மெதுவாக வளரும். உள்ளே கருஞ்சிவப்பு வைரம் பாய ஒரு தலைமுறை போதாது. 1994-ல் தமிழக அரசு ஈட்டி மரங்களைப் பாதுகாக்க என்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. கர்நாடகத்திலும் சொந்தத் தோட்டத்தில் நிற்கும் ஈட்டியை வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. உருட்டு மரமாக நாட்டை விட்டுப் போகத் தடை. அறுத்து வேலை செய்த நிலையில்தான் போகும். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டியும் அதன் உறவு மரங்கள் எல்லாமும் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. கிதார் கழுத்து ஒன்று எல்லை தாண்டக்கூடச் சான்றிதழ் தேவைப்பட்டது. சில நிறுவனங்கள் வேறு மரத்துக்கு ஓடின. வாத்தியக்காரர்கள் உலகெங்கும் முறையிட்ட பின், 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கும் அவற்றின் முடிந்த உறுப்புகளுக்கும் விலக்கு கிடைத்தது. மரம் மட்டும் இன்னும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

ஆக, கூடலூர்ப் பக்கத்து மரம் கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே 36.35 மில்லிமீட்டர் கணக்கில் கீறல் பட்டு, விமானம் ஏறி மறுபடியும் கர்நாடகத்துக்கே வருகிறது. வந்ததும் அதற்குச் சுங்கம் கட்ட வேண்டும். நம் மரத்துக்கு நாமே வரியா என்று எரிச்சல் வரலாம். சுங்கத்தின் கண்ணில் அது மரம் அல்ல. அயல்நாட்டுக் கூலி சேர்ந்த வாத்திய உறுப்பு. அந்தக் கூலியை இங்கே வாங்கும் அளவுக்கு நுணுக்கமான இயந்திரப் பட்டறைகள் இந்த ஊரில் இல்லாமலா இருக்கின்றன? பீன்யாவில் ஆயிரக்கணக்கான பட்டறைகள் உண்டு. ஆனால் வாத்தியத்துக்கென்று ஆர்டர் போதவில்லை.

வைட்ஃபீல்டில் ரயில் பாதையை ஒட்டியே கன்டெய்னர் டிப்போ இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து இறங்குகிறது. அங்கேயே சுங்கமும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே வசதி என்று கிதார் ஆசாமி சந்தோஷப்பட வேண்டாம். ஒற்றைப் பொட்டலம் அந்த வழியில் வராது. கூரியரானால் தேவனஹள்ளி விமான நிலையம். தபாலானால் தபால் துறை வழி. வரி கணக்கிடும்போது பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். இதை முன்கூட்டியே பட்ஜெட்டில் சேர்க்காதவர்கள் பொட்டலம் வாசலுக்கு வந்த நாளில் கைமாற்று வாங்க ஓடுகிறார்கள்.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள் இங்கிலாந்தின் பிரையன் மேயை நினைத்துக்கொள்ளலாம். நல்ல கிதார் வாங்கக் காசில்லாத பள்ளி மாணவன். 1963-ல் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த தந்தையோடு சேர்ந்து தானே செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். ஸ்பிரிங்குக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். விரல் பலகையின் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாவில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று அவர் வாசித்தது அதே கிதாரைத்தான்.

பூட்டும் வேலை

பொட்டலம் பிரித்தாகிவிட்டது. உடல் வெறும் மரமாக வந்திருந்தால் வர்ணம் பூச வேண்டும். இதற்குத் தனி நிபுணரைத் தேட வேண்டியதில்லை. கார் டிங்கரிங் கடையில் ஸ்ப்ரே அடிப்பவர் போதும். ஃபெண்டர் கம்பெனியே அந்த நாளில் ட்யூபான்ட் நிறுவனத்தின் கார் வர்ணங்களைத்தான் கிதாருக்கு அடித்தது. நம் ஊரில் ட்யூகோ என்று சொல்கிறோமே, அந்த வர்க்கம். கழுத்துக் குழிக்குள் மட்டும் வர்ணம் போகாமல் டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். போனால் கழுத்து உட்காராது. அழுத்தினால் விளிம்பு வெடிக்கும்.

வர்ணம் காய்ந்த பின் கழுத்தைக் குழியில் வைத்து, திருகாணி போடுவதற்கு முன் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நட்டின் இரு ஓரத்திலிருந்தும் குதிரை வரை இரண்டு நூல்கள். இரண்டும் விரல் பலகையின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடினால் கழுத்து நேர். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் நூல்தான். வேறு மந்திரம் இல்லை.

திருகாணித் துளையில் ஒரு சூட்சுமம். உடலில் உள்ள துளையில் திருகாணி தாராளமாக நுழைய வேண்டும். கழுத்தில் மட்டுமே மரை பிடிக்க வேண்டும். இரண்டிலும் பிடித்தால் நடுவே காற்று இடைவெளி விழும். கழுத்துக்கான மேப்பிள் மரம் கெட்டி. துளை சிறிதாக இருந்தால் திருகாணி உள்ளேயே முறிந்துகொள்ளும். திருகாணியை மெழுகுவத்தியில் ஒருமுறை தேய்த்து ஏற்றுவது நலம். சோப்பு தடவும் பழக்கம் தச்சர்களிடம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும் என்பதால் இங்கே வேண்டாம்.

மெட்டுகளின் தலை எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேரான உருக்குப் பட்டை வைத்துப் பார்த்து, எழும்பியதை மெல்லிய அரத்தால் இறக்க வேண்டும். ஈட்டி மரத் தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கைக்குட்டையாவது கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் சொந்தம்

இனி மின்சார வேலை. பிக்-அப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பி 42 கேஜ், தடிமன் 0.063 மில்லிமீட்டர், அதாவது தலைமுடி அளவு. அதை ஏறத்தாழ எட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் சிறு மின்சாரம் பிறக்கிறது. இந்தச் சுருள் வீட்டு வயரிங்கின் 50 சைக்கிள் இரைச்சலையும் சேர்த்தே பிடித்துவிடும். டியூப் லைட் பக்கத்தில் நின்றால் 'ம்ம்ம்' என்று இரையும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை இரைச்சலாலேயே அடித்தார். அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். அதை வைப்பதானால் குழி பெரிதாக வேண்டும். ஆர்டர் தாளிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஓசையைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல், டோனுக்கான கண்டென்ஸர், ஷீல்டு வயர் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ-ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ-ஓம் என்பது வழக்கம். கிதாரிலிருந்து வயர் வெளியே போகும் கால் அங்குல ஜாக் இருக்கிறதே, அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டிலிருந்து வந்தது. ஆபரேட்டர்கள் ஒரு குழியிலிருந்து பிடுங்கி இன்னொரு குழியில் செருகிய அதே ஜாக்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. குதிரையிலிருந்து ஒரு வயர் உள்ளே போய் எர்த்தில் சேர வேண்டும். ஆகவே வாசிப்பவரின் கை எப்போதும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வாடகை வீட்டு மூன்று பின் சாக்கெட்டில் எர்த் வயரே இணைக்காமல் விட்டிருந்தால்? 1972 மே 3-ம் தேதி வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் மேடை ஏறிய லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், கிதார்த் தந்தியில் கை இருக்க, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். ஷாக் அடித்து அங்கேயே உயிர் போயிற்று. சாக்கெட்டை ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதித்த பிறகே ஆம்ப்ளிஃபையரைச் செருக வேண்டும். வீட்டுக்காரர் செலவு செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்துகொள்வது மேல்.

தந்தி ஏறியதும்

ஆறு தந்திகளையும் சுருதிக்கு ஏற்றினால் கழுத்தின் மேல் ஏறத்தாழ 45 கிலோ இழுப்பு விழுகிறது. பாதி மூட்டை அரிசியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல. மரம் முன்னால் வளையத்தான் செய்யும். அதை எதிர்த்து இழுக்கக் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. 1923-ல் கிப்சன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற யுக்தி. ஆலன் கீயால் கால் சுற்றுத் திருகினால் கழுத்து நிமிரும். முழுசாக நிமிரவும் கூடாது. நடு மெட்டுக்கு மேல் கால் மில்லிமீட்டர் இடைவெளி, மோட்டார் மெக்கானிக்கின் ஃபீலர் கேஜ் நுழையும் அளவு, இருக்க வேண்டும்.

பிறகு பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஓசையும் ஒன்றாக இருந்தால் சரி. அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையில் அந்தத் தந்தியின் துண்டைப் பின்னுக்கு, இறங்கி ஒலித்தால் முன்னுக்கு, திருகாணியால் நகர்த்த வேண்டும். ஆறு தந்திக்கும் பொறுமையாக.

முதல் நாளே வாசித்துக் காட்ட நண்பர்களை அழைப்பது அவசரம். புதுத் தந்தி இளகும். மரம் இழுப்புக்குப் பழகும். ஒரு வாரம் சுருதியில் ஏற்றியே வைத்து, தினமும் சரி செய்து, வார முடிவில் மறுபடி ஆலன் கீ பிடிக்க வேண்டும். மார்ச் மாத வறட்சியில் பூட்டிய கிதாரானால், ஜூனில் மழை இறங்கியதும் காற்றின் ஈரத்தில் கழுத்து மறுபடி அசைந்து கொடுக்கும். அப்போது இன்னுமொரு கால் சுற்று.